பழைய கோல்ஃப் கார்ட்: எதை ஒப்பேற்றலாம், எதைப் பிரித்தே ஆக வேண்டும்

ஜார்ஜியா மாநிலத்தில் அட்லாண்டாவுக்குத் தென்மேற்கே இருக்கிற பீச்ட்ரீ சிட்டியில், மைதானத்தில் ஓட்டுவதற்கென்று செய்த சின்ன வண்டியான கோல்ஃப் கார்ட் வைத்திருக்கிற பலர் கோல்ஃப் மட்டையைத் தொட்டதே இல்லை. ஊர் முழுக்க பைன் மரங்களுக்கு நடுவே சுமார் 100 மைல் நீளத்துக்குப் பாதைகள் போட்டிருக்கிறார்கள். மளிகைக் கடை, நூலகம், ஏரிக்கரை எல்லாவற்றுக்கும் கார்ட்டிலேயே போகலாம். உயர்நிலைப் பள்ளி வளாகத்தில் மாணவர்களின் கார்ட்டுகள் வரிசை கட்டி நிற்கும். நகராட்சியில் பதிவு செய்து ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டால் போதும், பல வீடுகளில் இரண்டாவது கார் வாங்கும் செலவு மிச்சம்.

அதனால் இங்கே பழைய கார்ட்டுகளுக்கும் பஞ்சமில்லை. ஒவ்வொன்றும் மூன்று நான்கு கை மாறியிருக்கும். எங்கள் வீட்டில் இருப்பதும் அப்படி ஒரு 48 வோல்ட் வண்டிதான். சீட்டுக்கு அடியில் ஆறு 8 வோல்ட் லெட் ஆசிட் பேட்டரிகள். முன்பு வைத்திருந்தவர்கள் ஆளுக்கொரு ஒட்டுவேலை செய்து வைத்திருந்தார்கள். அவற்றை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்ததில்தான் எனக்கு இந்த வண்டி பிடிபட்டது.

ஒட்டுவேலையே கூடாது என்று நான் சொல்லவரவில்லை. பழைய வண்டியில் எல்லாவற்றையும் புதுசாகப் போட ஆரம்பித்தால் வண்டியின் விலையைப் போல இரண்டு மடங்கு செலவாகிவிடும். நான் பார்ப்பது ஒன்றுதான்: போட்ட ஒட்டு விட்டுப்போனால் அது என் கண்ணுக்குத் தெரியுமா? சீட் கிழிசலில் ஒட்டிய துண்டு பிய்ந்தால் உடனே தெரியும், யாருக்கும் ஒன்றும் ஆகாது. பிரேக் கேபிளை இழுத்துக் கட்டி ஒப்பேற்றியது விட்டுப்போவது இறக்கத்தில் போகும்போதுதான் தெரியவரும். விலையை வைத்து முடிவு செய்தால் தப்பாகிவிடும். சில சமயம் முறையான வேலைதான் மலிவாகவும் இருக்கிறது. எங்கள் வண்டியின் விளக்கு விவகாரம் அப்படித்தான்.

முதலில் தெரிந்த கோளாறு, வண்டி தூரம் போகாதது. ராத்திரி முழுக்க சார்ஜ் போட்டிருப்போம். மறுநாள் ஏரியைச் சுற்றிவிட்டுத் திரும்பும்போது ஏற்றத்தில் திணறும். பேட்டரி செட்டையே மாற்றச் சொன்னார்கள். ஆறும் சேர்ந்து 1,000 டாலருக்கு மேல். சரி, மாற்றலாம். ஆனால் பழசு ஏன் செத்தது என்று தெரியாமல் புதுசு போட்டால் அதையும் அதே கோளாறு தின்றுவிடும் அல்லவா?

சார்ஜ் முடிந்து, சில மணி நேரம் வண்டியை அப்படியே விட்டுவிட்டு, ஒவ்வொரு பேட்டரியாக மல்ட்டிமீட்டர் வைத்துப் பார்த்தேன். முழு சார்ஜில் ஓய்வாக இருக்கும் 8 வோல்ட் பேட்டரி கிட்டத்தட்ட 8.5 காட்ட வேண்டும். நான்கு அப்படித்தான் காட்டின. இரண்டு மட்டும் 8.1. அதாவது பாதி சார்ஜ்தான் இருக்கிறது. மூடியைத் திறந்தால் விஷயம் இன்னும் வினோதமாக இருந்தது. நன்றாக இருந்த நான்கிலும் தண்ணீர் வெகுவாக வற்றியிருந்தது, மோசமான இரண்டில் தண்ணீர் அப்படியே நின்றது.

அந்த இரண்டின் டெர்மினலிலிருந்து மெல்லிய சிவப்பு வயர் ஒன்று கிளம்பி முன்பக்கம் போனது. முன்பு வைத்திருந்த யாரோ ஹெட்லைட் மாட்டியிருக்கிறார். விளக்கு 12 வோல்ட், வண்டி 48 வோல்ட். இரண்டு 8 வோல்ட் பேட்டரியைச் சேர்த்தால் 16, பக்கத்தில்தானே வருகிறது என்று அங்கிருந்து நேராக இழுத்துவிட்டார். ஃபியூஸ்கூட இல்லை. பல்பு அடிக்கடி போனதற்குக் காரணம் அந்த 16 வோல்ட்.

பேட்டரி கெட்டதற்குக் காரணமும் அதேதான். ஆறும் ஒரே வரிசையில் தொடராக இணைந்திருப்பதால், மோட்டார் இழுக்கும் மின்சாரம் ஆறிலிருந்தும் ஒரே அளவில் போகும். சார்ஜரும் ஆறுக்கும் ஒரே அளவில்தான் ஊட்டும். விளக்கு மட்டும் இரண்டிலிருந்து கூடுதலாகக் குடிக்கிறது. சார்ஜர் மொத்த வோல்டேஜைத்தான் பார்க்கிறது, எந்தப் பேட்டரி பசியோடு இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. ஆகவே நான்கு பேட்டரிக்கு அளவுக்கு மீறி ஏறி, தண்ணீர் வாயுவாகப் பிரிந்து போகிறது. மற்ற இரண்டும் ஒருநாளும் முழுசாக நிரம்பாமல், தகடுகளில் சல்ஃபேட் படிந்து கெட்டியாகிறது. ஒரு துண்டு வயர் ஆறு பேட்டரியையும் இரண்டு விதமாகக் கெடுத்துக்கொண்டிருந்தது.

இதற்கு முறையான வேலை, வோல்டேஜ் ரெடியூசர் என்கிற சின்னப் பெட்டி. பேட்டரி வரிசையின் இரண்டு கடைசி முனைகளிலிருந்து 48 வோல்ட்டை எடுத்து 12 ஆக்கித் தரும். ஆறு பேட்டரிக்கும் சுமை சமமாகப் போகும். எனக்கு 50 டாலருக்குள் முடிந்தது. எடுக்கிற இடத்துக்குப் பக்கத்திலேயே ஒரு ஃபியூஸ் போடுங்கள், அது இல்லாமல் இந்த வேலையைச் செய்யவே கூடாது. அந்தக் காலத்தில் இந்தப் பெட்டியை முதலிலேயே மாட்டியிருந்தால் ஒரு பேட்டரி செட்டின் ஆயுள் மிஞ்சியிருக்கும்.

அந்தச் சமயத்தில் அப்பா ஊரிலிருந்து வந்திருந்தார். ஈரோட்டில் அரசு பஸ் டிப்போவில் ஆட்டோ எலக்ட்ரீசியனாக இருந்து ஓய்வு பெற்றவர். பேட்டரி என்றால் அவருக்கு மீட்டரைவிட, ஆசிட்டின் அடர்த்தியைக் காட்டும் ஹைட்ரோமீட்டர் மேல்தான் நம்பிக்கை. “வோல்ட்டு பொய் சொல்லும் கண்ணு, ஆசிட் பொய் சொல்லாது” என்பார். ஒவ்வொரு செல்லிலும் உறிஞ்சிப் பார்த்தோம். நல்ல செல்களில் மிதவை 1.27 பக்கம் நின்றது. மோசமான இரண்டில் ஒன்றில் எல்லா செல்லும் சேர்ந்தாற்போல 1.20-க்கும் கீழே. அது பட்டினி கிடந்தது, தேற்றிவிடலாம் என்றார். இன்னொன்றில் ஒரே ஒரு செல் மட்டும் மற்றவற்றைவிட ரொம்பக் கீழே கிடந்தது. “இது போயிருச்சு. எத்தனை சார்ஜ் போட்டாலும் வராது.”

அவர் சொன்னபடியே ஆனது. முதலாவதைத் தனியாக, மெதுவாக சார்ஜ் செய்ததில் ஓரளவு மீண்டது. செத்ததுக்குப் பதில் என்ன போடுவது? இங்கே பலரும் செய்வது, ஒரு புதுப் பேட்டரி வாங்கி நடுவில் செருகுவது. பழைய ஐந்துக்கு நடுவே புதுசு ஒன்று வந்தால் அது சீக்கிரமே அவற்றின் நிலைக்கு இறங்கிவிடும். செட்டுக்கு ஒரு வயசு ஆகியிருந்தால் பரவாயில்லை, அதற்கு மேல் பணம் வீண். நாங்கள் ஏறக்குறைய அதே வயசுள்ள பழைய பேட்டரி ஒன்றைச் சொற்ப விலைக்கு வாங்கிப் போட்டோம். இதுவும் ஒப்பேற்றல்தான். ஆனால் எப்போது முடியும் என்று தெரிந்தே செய்தது. செட் முழுசாக மாற்றும் காலம் வரைக்கும் வண்டி ஓடியது.

தண்ணீர் விஷயத்தில் ஒன்று சொல்லிவிடுகிறேன். டிஸ்டில்டு வாட்டர் மட்டும்தான், குழாய்த் தண்ணீர் அவசரத்துக்குக்கூட வேண்டாம். சார்ஜ் முடிந்த பிறகு ஊற்றுங்கள். முன்னாலேயே நிரப்பினால் சார்ஜ் ஏறும்போது பொங்கி வெளியே வரும், அந்த ஆசிட்தான் பேட்டரித் தட்டை அரிக்கிறது. தகடு வெளியே தெரிகிற அளவு வற்றியிருந்தால் மட்டும், தகடு மூழ்கும்வரை ஊற்றிவிட்டு சார்ஜ் போடுங்கள். டெர்மினல் மேல் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருப்பதை பேக்கிங் சோடா கரைத்த தண்ணீரில் கழுவலாம். மூடிகள் இறுக்கமாக இருக்கட்டும், ஒரு சொட்டு சோடாத் தண்ணீர் உள்ளே போனாலும் ஆசிட்டைக் கெடுக்கும்.

கேபிள் கோளாறைக் கண்டுபிடித்ததும் அப்பாதான். ஏற்றத்தில் ஓட்டிவிட்டு வந்ததும் சீட்டைத் தூக்கி, மெயின் இணைப்பைக் கழற்றிவிட்டு, புறங்கையை ஒவ்வொரு கேபிளின் பக்கமாகக் கொண்டுபோனார். நான்காவது கேபிளில் கை நின்றது. “இங்க பாரு, இது மட்டும் கொதிக்குது.” கேபிள் முனையில் மாட்டிய உலோக வளையமான லக்கின் கழுத்தில் கறுப்பு இன்சுலேஷன் பளபளவென்று இளகியிருந்தது. உரித்தால் உள்ளே செம்பு இழைகள் பச்சையாகி, தொட்டால் பொடியாக உதிர்ந்தன. வெளியே டெர்மினலை யாரோ எமரி பேப்பர் போட்டுத் தேய்த்துப் பளிச்சென்று வைத்திருந்தார்கள், அழுகல் உள்ளே இருந்தது.

இதை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒரு இணைப்பில் 0.01 ஓம் தடை இருந்தால் சாதாரண மீட்டர் அதைக் காட்டவே காட்டாது. ஆனால் ஏற்றத்தில் 100 ஆம்பியர் போகும்போது அங்கே 1 வோல்ட் விழும், 100 வாட் சூடு பிறக்கும். பழைய 100 வாட் குண்டு பல்பின் சூடு முழுவதும் ஒரு நட்டுக்குள் அடைபட்டால் என்னாகும்? ஈயத்தால் செய்த டெர்மினல் கம்பம் உருகி வழிந்ததை நான் வேறொரு வண்டியில் பார்த்திருக்கிறேன். அதற்கு மேலேயே சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வாயு நிற்கிறது என்பதையும் சேர்த்து யோசித்துக்கொள்ளுங்கள்.

ஒரு கேபிள்தானே என்று அதை மட்டும் மாற்றலாம் என்றேன். அப்பா மற்றவற்றையும் வளைத்துப் பார்த்தார். கழுத்துப் பக்கம் விறைப்பாக, வளையும்போது நொறுங்கும் சத்தம் வந்தால் உள்ளே அரிப்பு இருக்கிறது என்று அர்த்தம். பாதிக்கு மேல் அப்படித்தான் இருந்தன. முழு செட்டையும் ஒரு சுற்று தடிமனான 4 கேஜ் கேபிளாக, ஹைட்ராலிக் கிரிம்ப்பரில் அழுத்திய லக்கோடு வாங்கிவிட்டோம். சுத்தியலால் அடித்து நசுக்கிய லக் பார்வைக்கு இறுக்கமாக இருக்கும், உள்ளே காற்று இருக்கும். மாட்டும்போது லக் நேராக ஈயத்தின் மேல் உட்கார வேண்டும், வாஷர் அதற்கு மேலே, நட்டுக்குக் கீழே. நடுவில் ஸ்டீல் வாஷரைப் போட்டால் அத்தனை மின்சாரமும் அந்த வாஷர் வழியாகத்தான் போகும். நட்டை பேட்டரிக்காரர் சொல்லும் அளவுக்கே முறுக்குங்கள், ஈயம் மெத்தென்ற உலோகம், பலம் காட்டினால் பிடுங்கிக்கொண்டு வரும்.

வேலை தொடங்கும் முன் ஓட்டம்–இழுவை (Run/Tow) சுவிட்ச் இருந்தால் இழுவையில் வைக்க வேண்டும், மெயின் நெகட்டிவைக் கழற்ற வேண்டும், மோதிரம், வாட்ச் எல்லாவற்றையும் கழற்றி வைக்க வேண்டும். ஸ்பானரின் கைப்பிடி முழுக்க இன்சுலேஷன் டேப் சுற்றியிருக்கட்டும். 48 வோல்ட் ஆளை அடிக்காது என்று அலட்சியமாக இருப்பவர்கள் இருக்கிறார்கள். ஸ்பானர் இரண்டு டெர்மினலுக்குக் குறுக்கே விழுந்தால் அது அங்கேயே வெல்டு ஆகி நிற்கும்.

அடுத்தது சொலினாய்டு, பெடலை மிதித்தால் பேட்டரியை மோட்டாரோடு இணைத்துவிடும் பெரிய சுவிட்ச். ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் ‘டக்’ என்று சத்தம், ஆனால் வண்டி நகராது. ஸ்பானரால் ஒரு தட்டுத் தட்டினால் கிளம்பிவிடும். இந்தத் தட்டு வைத்தியத்தில் மாசக்கணக்கில் ஓடுகிற வண்டிகள் இந்த ஊரில் இருக்கின்றன. உள்ளே இருக்கும் காண்டாக்ட் தகடு பொறி பட்டுப் பட்டுக் குழி விழுந்திருக்கிறது, தட்டும்போது கொஞ்சம் நகர்ந்து நல்ல இடத்தில் ஒட்டுகிறது. அதே தகடு ஒருநாள் உருகி ஒட்டிக்கொண்டால்? விட்டால் பிரிய வேண்டியது பிரியாது. பழைய வண்டிகள் சிலவற்றில் காலை எடுத்தாலும் மோட்டார் நிற்காத நிலை வரும். அதனால் தட்டுவது வீடு வந்து சேர்வதற்கு மட்டும்தான்.

சோதிப்பது எளிது. பின் சக்கரங்களை ஸ்டாண்டில் ஏற்றிவிட்டு, சொலினாய்டின் இரண்டு பெரிய போல்ட்டுகளில் மீட்டர் வைத்து மிதியுங்கள். ‘டக்’ கேட்டதும் வோல்டேஜ் கிட்டத்தட்ட பூஜ்யத்துக்கு வர வேண்டும். வராவிட்டால் காண்டாக்ட் போய்விட்டது. புதுசு வாங்கும்போது காயில் உங்கள் வண்டியின் வோல்டேஜுக்கு ஏற்றதா என்று பாருங்கள். பெரிய போல்ட்டுகளுக்கு இடையே ஒரு ரெசிஸ்டர் இருக்கும், அதை வேண்டாத பொருள் என்று கழற்றிப் போட்டுவிடுகிறார்கள். மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலருக்குள் இருக்கும் கெப்பாசிட்டரை முன்கூட்டியே மெதுவாக நிரப்பி வைப்பது அதுதான். இல்லையென்றால் ஒவ்வொரு மிதிக்கும் பொறி பறக்கும், புது சொலினாய்டும் பழசின் வழியிலேயே போகும். எங்கள் வண்டியில் அந்த ரெசிஸ்டர் இல்லை.

பிரேக்கைப் பற்றி எழுதும்போது எனக்குக் கொஞ்சம் கோபம் வருகிறது. இந்தக் கார்ட்டில் குழந்தைகள் போகிறார்கள். பழைய வண்டிகள் பலவற்றில் பின் சக்கரத்தில் மட்டும்தான் பிரேக், அதுவும் கேபிள் இழுக்கிற டிரம் பிரேக். பெடல் ஆழமாக இறங்கினால் கீழே படுத்து, கேபிளின் நட்டை நாலு சுற்று இறுக்கிவிடுகிறார்கள். பெடல் கெட்டியாகிவிடும், மனசுக்கும் திருப்தியாக இருக்கும். டிரம்மின் உள்பக்கம் அழுத்தி வண்டியை நிறுத்தும் ஷூ தேய்ந்துபோனது மறைந்துவிடும்.

எங்கள் வண்டியில் டிரம்மைக் கழற்றப் பெரும்பாடாகிவிட்டது. நட் கழன்றுவிடாமல் பிடிக்கும் காட்டர் பின், பெரிய நட், அப்புறம் டிரம் உட்காரும் அச்சின் துருப்பிடித்த பற்கள் (ஸ்ப்ளைன்). துரு இளக்கும் ஸ்ப்ரே அடித்து ஒரு ராத்திரி ஊறவிட்டோம். திறந்தால் ஜார்ஜியாவின் செம்மண் உள்ளே கெட்டியாக உறைந்திருந்தது. இடது பக்க ஷூவில் லைனிங் காகித அளவுக்குத் தேய்ந்திருந்தது. வலது பக்கம் கிட்டத்தட்ட புதுசுபோல இருந்தது! அந்தப் பக்கக் கேபிள் உறைக்குள்ளேயே துருவேறி இறுகி, அசையவே இல்லை. அதாவது வண்டி ஒரே ஒரு சக்கரத்தில்தான் இவ்வளவு நாளும் நின்றிருக்கிறது. இறுக்கிய நட்டு அதை எங்களிடமிருந்து மறைத்திருந்தது.

இரண்டு பக்கமும் ஷூ, இரண்டு கேபிள், ஸ்பிரிங்குகள், புது காட்டர் பின் எல்லாம் மாற்றினோம். பழைய காட்டர் பின்னை நிமிர்த்தித் திரும்பப் போடாதீர்கள், சில காசு விஷயம். உள்ளே இருக்கும் தூசியை வாயால் ஊதவோ ஏர் அடிக்கவோ வேண்டாம், பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும், ஈரத்துணியால் துடைத்தெடுங்கள். உங்கள் வண்டியில் சோதிக்க வேண்டுமென்றால், முன் சக்கரத்துக்குக் கட்டை வைத்து, பின்புறத்தை ஸ்டாண்டில் ஏற்றி, ஒருவர் பெடலை மெதுவாக மிதிக்க இன்னொருவர் இரண்டு சக்கரத்தையும் கையால் சுற்றிப் பாருங்கள். இரண்டும் ஒரே சமயத்தில் பிடிக்க வேண்டும். கால் மணி நேர வேலை.

நான் மனசார ஒட்டுவேலை செய்து விட்டிருக்கிற இடங்களும் உண்டு. முன்பக்க பிளாஸ்டிக் மூடியில் ஒரு நீளமான விரிசல். அதன் முனையில் சின்னதாக ஒரு துளை போட்டால் விரிசல் அதற்கு மேல் ஓடாது. இரண்டு ஓரத்திலும் வரிசையாகத் துளையிட்டு, கறுப்பு பிளாஸ்டிக் ஜிப் டை கட்டித் தைத்துவிட்டேன். நன்றாகவே இருக்கிறது. சீட்டுக்கு வினைல் ஒட்டு. டயரின் நடுப்பகுதியில் ஆணி ஏறியதற்கு பிளக், பக்கச் சுவரில் என்றால் டயரையே மாற்றியிருப்பேன். லீஃப் ஸ்பிரிங்கின் ரப்பர் புஷ் கிறீச்சிட்டதற்கு சிலிக்கான் ஸ்ப்ரே. பெட்ரோலிய எண்ணெய் ரப்பரைத் தின்றுவிடும் என்பதால் சிலிக்கான். புஷ் மாற்ற வேண்டியதுதான், பனிக்காலத்தில் செய்துகொள்ளலாம்.

இந்த ஒட்டுகளுக்கு அப்பா ஒரு வழக்கம் ஏற்படுத்திவிட்டுப் போனார். டிப்போவில் பஸ் வழியில் நின்றால் டிரைவர் எப்படியாவது ஒப்பேற்றிக் கொண்டுவந்து சேர்ப்பாராம், ஆனால் வந்ததும் என்ன செய்தேன் என்று எழுதிக் கொடுத்தாக வேண்டும். “எழுதலைன்னா மறுநாள் காலையில அந்த வண்டி அப்படியே வெளிய போயிரும்.” அதனால் எங்கள் கார்ட்டில் ஒவ்வொரு தற்காலிக வேலைக்குப் பக்கத்திலும் மஞ்சள் டேப் ஒட்டி, தேதியும் செய்த வேலையும் மார்க்கரால் எழுதியிருக்கும். சீட்டைத் தூக்கினால் வண்டியின் கதை முழுக்கத் தெரியும். அடுத்து வாங்கப்போகிறவர் எங்களைப் போல வயர் பிடித்துத் தேட வேண்டியதில்லை.

லித்தியத்துக்கு மாறலாமே என்று கேட்பவர்களுக்கு: ஆறு லெட் பேட்டரியின் எடை 170 கிலோவுக்குப் பக்கம் வரும், லித்தியம் பேக் அதில் சிறு பங்குதான். தண்ணீர் ஊற்றும் வேலையும் இல்லை. தினமும் நீண்ட தூரம் ஓட்டுகிறவர்கள் தாராளமாகப் போகலாம். ஆனால் சார்ஜரும் மாற வேண்டும், சார்ஜ் காட்டும் மீட்டரும் மாற வேண்டும். அரித்துப்போன கேபிளையும் தட்டி ஓட்டுகிற சொலினாய்டையும் வைத்துக்கொண்டு அதன் மேல் விலை உயர்ந்த பேக்கைப் போடுவதை மட்டும் நான் ஆதரிக்க மாட்டேன். நாங்கள் செட் மாற்றியபோது லெட் ஆசிட்டையே போட்டோம், பழைய ஆறையும் திருப்பிக் கொடுத்ததில் விலையில் கொஞ்சம் கழித்தார்கள்.

பழைய கார்ட் வாங்கப் போகிறீர்கள் என்றால் ஓட்டிப் பார்ப்பதற்கு முன் சீட்டைத் தூக்குங்கள். பேட்டரி வரிசையின் நடுவிலிருந்து மெல்லிய வயர் ஏதாவது கிளம்புகிறதா என்று பாருங்கள். அப்புறம் பேட்டரிகளின் தேதி. பல பேட்டரிகளின் டெர்மினலிலோ மேல் மூடியிலோ ஓர் ஆங்கில எழுத்தும் ஓர் எண்ணும் பதித்திருக்கும். எழுத்து மாதம், ‘ஏ’ என்றால் ஜனவரி, ‘பி’ என்றால் பிப்ரவரி. எண் வருஷத்தின் கடைசி இலக்கம். ஆறிலும் ஒரே தேதி இருக்க வேண்டும். ஒன்றில் மட்டும் வேறு தேதி இருந்தால் யாரோ நடுவில் மாற்றியிருக்கிறார்கள், ஏன் மாற்றினீர்கள் என்று விற்பவரிடம் கேளுங்கள். பதில் சரியாக வராவிட்டால் ஒரு முழு பேட்டரி செட்டின் விலையைக் கழித்துக்கொண்டு பேரம் பேசுங்கள்.